அடங்கலில் இல்லாத பெயர்

2019 மாசி மாதம். சாயங்காலம் மாட்டுக்கு வைக்கோல் பிடுங்கிக்கொண்டிருந்த அப்பாவுக்கு மெட்ராசிலிருந்து போன் வந்தது. நிலத்துக்காரர் பேசினார். “என்னப்பா, கவர்மென்ட்ல விவசாயிங்களுக்கு ரெண்டாயிரம் போடுறானாமே. எனக்கு இப்பதான் மெசேஜ் வந்துச்சு. உனக்கும் வந்துச்சா?”

“எனக்கு எப்படிங்க ஐயா வரும்? பட்டா உங்க பேர்லல்ல இருக்கு” என்றார் அப்பா. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், “சரி சரி, உளுந்து எப்படி இருக்கு?” என்று பேச்சு மாறியது.

அன்றைக்கு நானும் ஊரில்தான் இருந்தேன். சென்னையில் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்கு வேலை பார்க்கிறேன். இரண்டு நாள் லீவில் வந்திருந்தேன். அந்த ரெண்டாயிரத்தைப் பற்றி அப்பா அதற்குமேல் ஒரு வார்த்தையும் பேசவில்லை. எனக்குத்தான் மனதில் தங்கிவிட்டது. விவசாயத்துக்கென்று அரசாங்கம் கொடுக்கும் பணம் எங்கள் ஊருக்குள் எந்த வழியாக வருகிறது, யார் வீட்டுக்குப் போகிறது என்று அன்றிலிருந்து கவனித்துக்கொண்டே இருக்கிறேன். இத்தனை வருஷமாகப் பார்த்ததை ஒரு தடவையாவது முழுசாக எழுதிவிட வேண்டும்.

எங்கள் ஊர் திருவாரூர் மாவட்டத்தில், ஆற்றுப் பாசனம் முடிகிற கடைமடைக்குக் கொஞ்சம் மேலே இருக்கிறது. அப்பா சாகுபடி செய்வது ஏழு மா. எங்கள் பக்கத்துக் கணக்கு தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: நூறு குழி ஒரு மா, மூன்று மா ஒரு ஏக்கர். ஆக மொத்தம் இரண்டு ஏக்கர் முப்பத்து மூன்று சென்ட். அந்த நிலத்தில் என் கொள்ளுத்தாத்தா பண்ணையாளாக இருந்தார். பண்ணையாளை நினைத்தபோது விரட்டக் கூடாது, கூலி இவ்வளவு கொடுக்க வேண்டும் என்று 1952-ல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது அவர் உயிரோடு இருந்தார். தாத்தா அதே நிலத்தை வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்குக்கு, உழுதார். அப்பா குத்தகைக்கு எடுத்திருக்கிறார். மாவுக்கு நாலு மூட்டை, விளைந்தாலும் விளையாவிட்டாலும். ரொம்ப மோசமாகப் போன வருஷங்களில் நிலத்துக்காரர் குறைத்துக்கொண்டதும் உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மூன்று தலைமுறை ஒரே வரப்பில் நடந்திருக்கிறது. அந்த நிலத்துக்கும் எங்கள் குடும்பத்துக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று சொல்ல ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. எல்லாம் வாய்ப்பேச்சுதான்.

அப்பாவிடம் ஒரு மஞ்சப்பை இருக்கிறது. ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ நாலைந்து, உர ரசீதுகள். அதற்குள் ஒரு சிட்டாவும் இருக்கிறது. சர்வே எண் போட்டால் இணையத்தில் யாருக்கும் சிட்டா கிடைக்கும், நான்தான் பிரின்ட் எடுத்துக் கொடுத்தேன். அதில் இருப்பது நிலத்துக்காரர் பெயர். விவசாயத்துக்கு வருகிற பணம் எல்லாமே முதலில் கேட்பது அந்தச் சிட்டாவைத்தான், அப்புறம் அடங்கலை. பட்டா எண்ணும் பட்டாதாரர் பெயரும் சிட்டாவில் இருக்கும். இந்தப் பசலியில், அதாவது இந்த வருவாய்த் துறை ஆண்டில், இந்த வயலில் என்ன பயிர், எவ்வளவு பரப்பு என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதுவது அடங்கல். யார் சாகுபடி செய்கிறார் என்பதும் அங்கேதான் தெரிய வேண்டும். நடைமுறையில் பட்டாவில் உள்ள பெயரே அடங்கலுக்கும் வந்துவிடுகிறது.

கிசான் பணத்தையே எடுத்துக்கொள்வோம். எங்கள் ஊரில் பிஎம் கிசான் என்று முழுசாகச் சொல்கிறவர்கள் குறைவு, ‘ரெண்டாயிரம்’ என்றால் அதுதான். 2019 பிப்ரவரி 24 அன்று தொடங்கியது. வருஷத்துக்கு 6,000 ரூபாய், மூன்று தவணை. முதலில் இரண்டு ஹெக்டேருக்குள் நிலம் உள்ளவர்களுக்கு மட்டும் என்றார்கள், சில மாதத்திலேயே நிலம் உள்ள எல்லாக் குடும்பத்துக்கும் என்று விரித்துவிட்டார்கள். வருமான வரி கட்டுகிறவர்களுக்குக் கிடையாது, பத்தாயிரமும் அதற்கு மேலும் பென்ஷன் வாங்குகிறவர்களுக்குக் கிடையாது, நிறுவனங்களின் நிலத்துக்குக் கிடையாது. இவ்வளவு நிபந்தனை போட்டவர்கள், வயலில் இறங்கி வேலை செய்ய வேண்டும் என்ற ஒரு நிபந்தனையை மட்டும் போடவில்லை. நிலம் இருந்தால் போதும். 2025 நவம்பர் 19 அன்று கோயம்புத்தூரில் வைத்து 21-வது தவணையை விடுவித்தார்கள். முதல் தவணையிலிருந்து கூட்டினால் ஒரு குடும்பத்துக்கு 42,000 ரூபாய். எங்கள் ஏழு மாவுக்கும் அது வந்திருக்கிறது. சென்னையில் ஒரு சின்ன ஸ்டேஷனரிக் கடைக்காரரின் கணக்குக்கு.

அவர் கெட்டவர் இல்லை. 2020 பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது ஒரு தவணைப் பணத்தை அப்படியே அப்பா கையில் கொடுத்து, “இது உனக்குச் சேர வேண்டியதுப்பா” என்றார். அப்பா வேட்டி முனையில் முடிந்துகொண்டு வந்தார். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. “சேர வேண்டியதுன்னா நேரா வரணும். அவங்க கொடுத்து நாம வாங்குனா அது இனாம்” என்றாள். அம்மா சொன்னதைவிடச் சரியாக இந்த விஷயத்தை நான் எங்கேயும் படித்ததில்லை.

கோயில் நிலத்தில் சாகுபடி செய்கிறவர்கள் நிலைமை இன்னொரு மாதிரி. எங்கள் மாவட்டத்தில் கோயில் நிலமும் மட நிலமும் ஏராளம். அவர்களுக்குக் குத்தகை ரசீது இருக்கும், அடங்கலிலும் பெயர் ஏறும். ஆனால் நிலம் நிறுவனத்துடையது, அதனால் கிசான் பணம் நிலத்துக்காரருக்கும் இல்லை, உழுகிறவருக்கும் இல்லை. சொந்த நிலக்காரர்களே பலர் தவறிப்போகிறார்கள். பட்டா இன்னும் செத்துப்போன தாத்தா பெயரில் இருக்கும். இல்லாவிட்டால் அண்ணன் தம்பி ஐந்து பேர் கூட்டுப் பட்டாவில் இருப்பார்கள். எண்பதுகளில் நில ஆவணங்களைப் புதுப்பிக்க நடந்த யுடிஆர் கணக்கெடுப்பில் ஒருத்தர் நிலம் இன்னொருத்தர் பெயருக்கு ஏறியிருக்கும், அதைத் திருத்துவதற்குள் ஒரு தலைமுறையே போய்விடும். எதிர்வீட்டு அக்கா புருஷன் இறந்த பிறகு ஒற்றையாளாக நாலு மா செய்கிறாள். நிலம் மாமனார் பெயரில் இருக்கிறது. ஒரு தவணைகூட வாங்கினதில்லை.

ஏன் ஒருத்தரும் குத்தகையை எழுதிக்கொள்வதில்லை? சென்னையில் என் கூட வேலை பார்ப்பவர்கள் இதைத்தான் கேட்கிறார்கள். வாடகை வீட்டுக்கு அக்ரிமென்ட் போடுவது மாதிரி போட்டுக்கொள்ள வேண்டியதுதானே என்கிறார்கள்.

அதற்குப் பின்னால் எழுபது வருஷக் கதை இருக்கிறது. பண்ணையாட்களையும் குத்தகைதாரர்களையும் திரட்டிப் போராடிய களப்பால் குப்புவும் சீனிவாசராவும் நடமாடிய மண் எங்களுடையது. அந்தப் போராட்டங்களின் விளைவாகத்தான் 1955-ல் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஒழுங்காகக் குத்தகை அளக்கிறவரை நிலத்தை விட்டு வெளியேற்ற முடியாது என்று ஆனது. அடுத்த வருஷமே நியாயக் குத்தகைச் சட்டம். நன்செய்க்கு விளைச்சலில் 40 சதவீதம்தான் குத்தகை என்று இருந்தது, பின்னால் 25 சதவீதமாகக் குறைந்தது. குத்தகைதாரரின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றுவதற்காக 1969-ல் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் வந்தது. எல்லாமே நல்ல சட்டங்கள். அடியும் உதையும் வாங்கி, ஜெயிலுக்குப் போய் வாங்கின சட்டங்கள்.

ஆனால் நிலத்துக்காரர்கள் அதிலிருந்து ஒரு பாடம் கற்றுக்கொண்டார்கள். எழுதிக் கொடுத்தால் நிலம் போய்விடும் என்பதுதான் அந்தப் பாடம். அதனால் எழுதுவதையே நிறுத்திவிட்டார்கள். ‘இந்த வருஷம் நீ செய்’ என்று வாயால் சொல்வது, அடுத்த வருஷமும் அப்படியே சொல்வது, முப்பது வருஷம் ஆனாலும் வருஷா வருஷம் புதுசு மாதிரி சொல்வது. குத்தகைதாரர்களும் கேட்பதில்லை. கேட்டால் அடுத்த சம்பாவுக்கு நிலம் வேறொருத்தர் கைக்குப் போய்விடும். அப்பா சட்டப்படி 25 சதவீதம் அளந்தால் போதும் என்று எனக்குத் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். மூன்றில் ஒரு பங்கு அளக்கிறார். நல்ல சம்பாவில் மாவுக்குப் பன்னிரண்டு மூட்டை காணும், அதில் நாலு மூட்டை போய்விடும்.

சட்டம் அவரைக் காப்பாற்ற வந்தது. அதற்குப் பயந்தவர்கள் அவரைக் காகிதத்திலிருந்தே எடுத்துவிட்டார்கள். பின்னால் வந்த ஒவ்வொரு மானியமும் நிவாரணமும் அந்தக் காகிதத்தைப் பார்த்துத்தான் வருகிறது. கிசான் பணத்தின் சிக்கல் 2019-ல் தொடங்கவில்லை என்று இதனால்தான் சொல்கிறேன்.

2016 வடகிழக்குப் பருவமழை பொய்த்துப்போனதை டெல்டாவில் யாரும் மறக்க மாட்டார்கள். வழக்கமான மழையில் 62 சதவீதம் குறைவு. விதைத்தது கருகிக் கிடந்ததைப் பார்த்து நெஞ்சு வெடித்துச் செத்தவர்கள் உண்டு. அந்த வருஷம்தான் பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் புதிதாக வந்திருந்தது. சம்பாவுக்கு விவசாயி கட்ட வேண்டியது காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதவீதம். அப்பா கட்டினார், ஆனால் சிட்டாவும் அடங்கலும் நிலத்துக்காரர் பெயரில் இருந்ததால் அவர் பெயரிலேயே, அவர் பாஸ்புக் நகலை வைத்துத்தான் கட்ட முடிந்தது. பணம் எங்களுடையது. இழப்பீடு வந்தபோது அவர் கணக்கில் விழுந்தது. அந்த வருஷக் குத்தகை பாக்கியைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார். மீதி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. இந்தப் பக்கத்தில் இது சர்வசாதாரணம், யாரையும் குறையாகச் சொல்ல இதை எழுதவில்லை. கருகிப்போன பயிருக்கு வந்த இழப்பீட்டிலிருந்து, கருகிப்போன பயிருக்கான குத்தகை போயிருக்கிறது. என் அலுவலகத்தில் இப்படி ஒரு பதிவை யாராவது போட்டால் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

கூட்டுறவுக் கடன் கதையும் இதே வழியில்தான் போகிறது. சொசைட்டியில் பயிர்க்கடன் வாங்க அடங்கல் வேண்டும். அப்பாவுக்கு அடங்கல் இல்லை. அதனால் அம்மாவின் சங்கிலிதான் வருஷா வருஷம் ஆடியில் அடகுக் கடைக்குப் போய்த் தையில் திரும்பி வரும். 2021 பிப்ரவரியில் 16 லட்சத்துக்கும் அதிகமான விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடனை அரசு தள்ளுபடி செய்தது. டீக்கடையில் எல்லோரும் அதைத்தான் பேசினார்கள். ‘உனக்கு எவ்வளவுய்யா தள்ளுபடி?’ என்று கேட்டவரிடம் அப்பா, ‘வாங்கினவங்களுக்குத்தானே தள்ளுபடி’ என்று சொல்லிவிட்டு வந்தார்.

2023 பிப்ரவரி முதல் வாரத்தில் என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். சம்பா நன்றாக விளைந்திருந்தது. சிஆர் 1009 ரகம், கதிர் தலைசாய்ந்து அறுவடைக்கு நின்றது. அறுவடை செய்கிற செயின் வண்டிக்குச் சொல்லியாகிவிட்டது, அடுத்த நாள் வருவதாக இருந்தது. தை மாதத்தில் அப்படி ஒரு மழையை யாரும் எதிர்பார்க்கவில்லை. ஒரே இரவில் பயிர் முழுக்கப் படுத்துவிட்டது. மூன்றாம் நாள் நான் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது அப்பா முழங்கால் தண்ணீரில் நின்று கதிர்களைக் கையால் அள்ளி அள்ளி வரப்புமேல் போட்டுக்கொண்டிருந்தார். நெல் முளைக்க ஆரம்பித்திருந்தது. “விடுங்கப்பா, ஏறி வாங்க” என்றேன். “இரு ஆயி, இந்தப் பக்கம் மட்டும் முடிச்சிடுறேன்” என்றார். எதை முடிக்க என்று எனக்குத் தெரியவில்லை. நானும் சுடிதாரை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். சாயங்காலம்வரை அள்ளினோம்.

அரசு சீக்கிரமே அறிவித்தது. 33 சதவீதத்துக்கு மேல் சேதமான நெல்லுக்கு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய். வேகமான, நல்ல அறிவிப்பு. ஏழு மாவுக்குக் கணக்குப் போட்டால் 18,900 ரூபாய் அளவுக்கு வரும். கணக்கெடுக்க வந்தவர்களும் நல்லபடியாகத்தான் நடந்துகொண்டார்கள். வரப்பில் நடந்து பார்த்தார்கள், சர்வே எண் கேட்டார்கள், எழுதிக்கொண்டார்கள். “பேர்?” என்றார் ஒருவர். அப்பா தன் பெயரைச் சொன்னார். “பட்டா யார் பேர்ல?” என்றார் அடுத்தபடி. அப்பா அந்தப் பெயரையும் சொன்னார். இரண்டாவது பெயர்தான் தாளில் ஏறியது.

பணம் வந்ததும் நிலத்துக்காரரின் மகன் பேசினார். அப்பாவைவிட வயதில் சின்னவர், “அண்ணே” என்றுதான் கூப்பிடுவார். பாதியை அனுப்புவதாகச் சொன்னார், அனுப்பினார். குத்தகை அந்த வருஷம் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். நியாயமாக நடந்துகொண்டார் என்றே ஊரில் பேசிக்கொண்டார்கள். நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் உழவு, விதை, நடவு, களை, உரம், மருந்து என்று அப்பாவின் நோட்டில் எழுதியிருந்த செலவுக்குப் பக்கத்தில் அந்தப் பாதியை எழுதிப் பார்த்தேன். நடவுக் கூலிக்குக்கூட முழுசாகக் காணவில்லை.

இதற்கு நடுவில் அப்பாவுக்கு ஒழுங்காகக் கிடைக்கிற மானியம் ஒன்று இருக்கிறது. யூரியா. 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு. உண்மையான விலை அதைப் போலப் பல மடங்கு, மீதியை மத்திய அரசு உரக் கம்பெனிக்குக் கொடுத்துவிடுகிறது. கடையில் ஆதார் எண்ணைச் சொல்லி மெஷினில் விரல் வைத்தால் மூட்டை வந்துவிடும். பட்டா கேட்பதில்லை, சிட்டா கேட்பதில்லை. நேரடியாகக் கணக்கில் பணம் போடுவதுதான் சிறந்தது, பொருளாகக் கொடுப்பது பழைய காலத்து முறை, அதிகம் வீணாகும் என்று பொருளாதாரம் படித்தவர்கள் எழுதுகிறார்கள். யூரியா அளவுக்கு மீறிப் போடுவதால் மண் கெடுகிறது என்பதும் உண்மைதான், அப்பாவோடு அதற்காக நானே சண்டை போட்டிருக்கிறேன். ஆனால் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டி வந்த ஒரே மத்திய அரசு மானியம் அந்த மூட்டைதான். நேரடிப் பணம் நேராகப் பட்டாவிடம் போயிற்று. உர மானியத்தை எடுத்துவிட்டு அதையும் ரொக்கமாகப் போடலாம் என்று யாராவது சொல்லும்போது எனக்கு வயிறு கலங்குகிறது.

இலவச மின்சாரமும் நிலத்தோடு, போர்செட்டோடு போவது. எங்கள் பக்கத்து வயல்காரரின் போரிலிருந்து அப்பா தண்ணீர் வாங்குகிறார். ஆற்றில் தண்ணீர் வராத நாட்களுக்கு மணிக்கு இவ்வளவு என்று காசு. மின்சாரம் அவருக்கு இலவசம், தண்ணீர் எங்களுக்கு விலை. மோட்டார் போட்டவர் செலவு பண்ணித்தான் போட்டிருக்கிறார், அதனால் இதை நீட்ட விரும்பவில்லை.

நெல் போடும் இடம் முக்கியம். கொள்முதல் நிலையத்தில் 2025-26 பருவத்துக்குச் சாதா ரகம் குவிண்டால் 2,500 ரூபாய், சன்ன ரகம் 2,545, மாநில ஊக்கத்தொகையும் சேர்த்து. முன்பதிவு செய்ய வேண்டும், அதற்கு அடங்கல் வேண்டும், பணம் போக வேண்டிய கணக்கும் அதோடு பொருந்த வேண்டும். சில வருஷம் நிலத்துக்காரர் பெயரிலேயே போட்டோம். பணம் அவருக்குப் போய், அவர் பார்த்து, மகனிடம் சொல்லி, மகன் வங்கிக்குப் போய் எங்களுக்கு அனுப்ப மூன்று வாரம். நாற்றங்காலுக்கு வாங்கின கடன் வட்டி மூன்று வாரம் காத்திருக்காது. அதனால் பாதி வருஷங்களில் அப்பா களத்திலேயே வியாபாரிக்குப் போட்டுவிடுவார். அறுபது கிலோ மூட்டைக்கு இருநூறு ரூபாய்க்கு மேல் இழப்பு. ஆதார விலை என்பதும் மானியம்தான். அதன் முழுப் பலன் கிடைக்க, விற்கிறவரும் நிலம் வைத்திருப்பவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டியிருக்கிறது.

2020-ல் கிசான் திட்டத்தில் நடந்த மோசடியைப் பலர் மறந்திருப்பார்கள். கொரோனா ஊரடங்குக் காலத்தில் கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் என்று பல மாவட்டங்களில் விவசாயத்துக்குச் சம்பந்தமே இல்லாதவர்கள் லட்சக்கணக்கில் பட்டியலில் சேர்க்கப்பட்டிருந்தார்கள். ஒப்புதல் கொடுக்கும் அதிகாரிகளின் கடவுச்சொல் தரகர்கள் கைக்குப் போயிருந்தது. 110 கோடி ரூபாய் என்று அரசே சொன்னது. சிபிசிஐடி விசாரித்தது, கைதுகள் நடந்தன, பணத்தைத் திரும்ப வாங்கினார்கள். அதற்குப் பிறகு சோதனைகள் இறுகின. ஆதார் இணைப்பு, இ-கேஒய்சி, நில ஆவணத்தோடு ஒப்பிடுவது. திருடனைத் தடுக்க இறுக்கினார்கள், தப்பில்லை. ஆனால் அந்தச் சோதனை ஒவ்வொன்றும் நில ஆவணத்தையே இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

2025 தொடக்கத்தில் விவசாயிகளுக்குத் தனி அடையாள எண் கொடுக்க ஊர் ஊராக முகாம் போட்டார்கள். இனி எல்லாத் திட்டத்துக்கும் அந்த எண்தான் என்றார்கள். அப்பா காலையிலேயே மஞ்சப்பையோடு போய் உட்கார்ந்துவிட்டார். வரிசையில் அவர் முறை வந்ததும் அங்கே இருந்த பெண், ரொம்பப் பணிவாகத்தான், “உங்க பேர்ல நிலம் இருக்கா ஐயா?” என்று கேட்டிருக்கிறாள். “நிலம் இல்லம்மா, நான் விவசாயி” என்று அப்பா சொல்லியிருக்கிறார். “நிலம் இருக்கறவங்களுக்குத்தான் ஐயா இது” என்று அவள் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டாள். இதைப் போனில் சொல்லும்போது அப்பா குரல் மாறவே இல்லை. அறுபத்து நாலு வயதில், ஐம்பது வருஷம் உழுத பிறகு, விவசாயி என்ற பட்டியலில் பெயர் இல்லாமல் வீட்டுக்கு வந்தார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

மற்ற மாநிலங்கள் என்ன செய்தன என்று அதற்கப்புறம் தேடிப் பார்த்தேன். தெலங்கானா 2018-ல் ரைத்து பந்து கொண்டுவந்தது. ஏக்கருக்கு இவ்வளவு என்று நிலத்துக்காரருக்குத்தான், குத்தகைதாரருக்கு இல்லை. ஒடிசாவின் காலியா திட்டம் நிலமில்லாத விவசாயக் குடும்பங்களையும் சேர்த்தது. பயிர் செய்கிறவர் என்பதற்கு அங்கே பட்டா மட்டுமே சாட்சி இல்லை என்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. ஆந்திரா 2019-ல் பயிர் சாகுபடியாளர் உரிமைச் சட்டம் என்று ஒன்று போட்டது. பதினொரு மாத ஒப்பந்தம், நிலத்தின் மேல் உரிமை எதுவும் வராது, ஆனால் கடனும் காப்பீடும் நிவாரணமும் உழுகிறவருக்கு. காகிதத்தில் அருமையாக இருக்கிறது. ஆனால் நிலத்துக்காரர் கையெழுத்து வேண்டும் என்று வைத்துவிட்டார்கள். அவர்கள் கையெழுத்துப் போடத் தயங்கினார்கள், பழைய பயம்தான்.

எனக்குத் தோன்றுவது இதுதான். ஒரு போகத்துக்கு மட்டும் செல்லுகிற சாகுபடிச் சான்று வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் வயலைப் பார்த்து, அக்கம்பக்கத்து வயல்காரர்கள் இரண்டு பேரைக் கேட்டுக் கொடுக்கட்டும். நிலத்துக்காரரின் சம்மதம் தேவையில்லை, அவருக்கு நஷ்டமும் இல்லை. பயிரைச் சேர்ந்த பணம் எல்லாம், அதாவது நிவாரணம், காப்பீடு, கொள்முதல், இடுபொருள் மானியம், அந்தச் சான்றைப் பார்த்து வரட்டும். யார் இந்த வயலில் உழுகிறார் என்று ஊரில் ஒரு சின்னப் பையனைக் கேட்டால்கூடச் சொல்வான். அரசாங்கத்துக்கு மட்டும் ஏன் தெரியக் கூடாது?

இதை விவசாயிகள் சங்கத்தில் முப்பது வருஷமாக இருக்கிற ஒரு பெரியவரிடம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். “ஒரு போகத்துக்குன்னு நீ எழுதிக் கொடுத்துட்டா, அம்பத்தஞ்சு சட்டத்துல இருக்குற உரிமையை நீயே விட்டுக்கொடுத்த மாதிரி ஆயிடாதாம்மா? நிவாரணத்துக்காக நிலத்துமேல உள்ள பிடியை விடச் சொல்றியா?” என்றார். பதில் சொல்ல எனக்கு நேரமாயிற்று. உரிமை சட்டப் புத்தகத்தில் இருக்கிறது, பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை, அப்படியிருக்க விட்டுக்கொடுக்க என்ன இருக்கிறது என்று கேட்டேன். “அது இருக்குங்கற பயத்துலதானே உங்கப்பாவை இன்னும் வெளியேத்தாம வச்சிருக்காங்க” என்றார். அவர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. அதற்கப்புறம் நான் என் யோசனையை அவ்வளவு உறுதியாகப் பேசுவதில்லை. ஆனால் கைவிடவும் இல்லை. பழைய உரிமையைத் தொடாமல் இந்தச் சான்றைக் கொடுக்கிற மாதிரி சட்டம் எழுத முடியாதா என்ன? எழுதத் தெரிந்தவர்கள் நம்மிடம் இல்லாமலா போய்விட்டார்கள்?

2025 ஐப்பசிக் கடைசியில் சம்பாவுக்குக் காப்பீடு கட்ட வேண்டிய நேரம் வந்தது. இந்தத் தடவை நானே மெட்ராசில் நிலத்துக்காரர் வீட்டுக்குப் போனேன். அவருக்கு வயதாகிவிட்டது, கண் சரியாகத் தெரியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். குத்தகை பற்றி ஒரு வார்த்தை இல்லாமல், இந்தச் சம்பாவில் இந்த சர்வே எண்ணில் சாகுபடி செய்பவர் இவர் என்று மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். மகன் இரண்டு தடவை படித்தார். தன் நண்பர் ஒரு வக்கீலுக்குப் படம் எடுத்து அனுப்பினார். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், காபி கொடுத்தார்கள். கடைசியில் பெரியவர், “போடுறேம்மா, எத்தனை வருஷமா நம்ம நிலத்துல கிடக்குறான்” என்று கையெழுத்துப் போட்டார்.

ஊரில் அதைக் காட்டி, அடங்கலில் சாகுபடியாளர் இடத்தில் அப்பா பெயரை எழுதி வாங்க நாலு நாள் ஆயிற்று. இ-சேவை மையத்தில் கூட்டம். ஏக்கருக்கு ஐந்நூறு சொச்சம் என்று ஏழு மாவுக்கும் கட்டினோம். அங்கிருந்த தம்பி ரசீதை நீட்டி, “பேர் சரியா இருக்கான்னு பாத்துக்குங்க” என்றான். அப்பாவுக்குக் கண்ணாடி இல்லாமல் தெரியாது. “நீ படி ஆயி” என்றார். படித்தேன். இனிஷியல் மாறியிருந்தது. திருத்தச் சொல்லி மறுபடி பிரின்ட் எடுத்துக்கொண்டு வந்தோம்.